மீன் விழுங்கிய தீர்க்கதரிசியும் முனையடி வாசிகசாலையின் பூட்டும்

விண்ணப்பதாரர்:
திருமதி யோசப்பின் செல்வரட்ணம்,
குடும்பநல மருத்துவ மாது,
கடற்கரை ஒழுங்கை, முனையடி,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

விடயம்: முனையடி வாசிகசாலை பூட்டப்பட்டமை, நூலகர் செல்வி ஸ்ரெல்லா தேவராசா வேறு வேலைக்கு மாற்றப்பட்டமை, வாசகர் கருத்துத் தாள்கள் கழற்றிச் செல்லப்பட்டமை ஆகியன பற்றிய முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி வாசிகசாலையின் அங்கத்தவர்கள் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். முனையடியில் பிறக்கும் பிள்ளைகளில் அநேகரை முதலில் கையில் ஏந்துபவள் என்ற வகையில் இங்குள்ள எல்லா வீடுகளுக்குள்ளும் எனக்குப் போக்குவரத்து உண்டு. ஆகவே கீழே கூறப்படுவன பிறர் சொல்லக் கேட்டு எழுதியவை அல்ல. நான் கண்டவை, என் காதால் கேட்டவை, சிலவற்றில் நானே வாய் வைத்து மாட்டிக்கொண்டவை. மனு எழுதும் முறைக்கு மாறாக எங்காவது என் குரல் உயர்ந்திருந்தால் அது விடயத்தின் சூட்டினால் வந்ததென்று பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் வாசிகசாலை ஒரே அறை. ஓட்டுக் கூரை, நீட்டு மேசை, சுவரோரம் வாங்குகள். போரினால் கடலில் இறங்கத் தடை வந்த நாள் தொடக்கம் வலையும் வள்ளமும் கரையில் கிடக்க, ஆண்கள் காலையிலேயே வந்து அந்த வாங்குகளில் குந்திவிடுவார்கள். மின்சாரம் இல்லை. கொழும்புப் பத்திரிகை வந்தாலும் பழங்கஞ்சியாகவே வந்து சேரும். புதுப் புத்தகம் வந்து வருடக்கணக்காகிறது. உள்ள கதைப் புத்தகங்களின் முடிவுகளை எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். மர்மக் கதைகளின் முதற் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை யாரோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பற்றித் தனியாக ஒரு மனு அனுப்ப உத்தேசித்துள்ளேன்.

3. இந்நிலையில், கடந்த தவக்காலத் தொடக்கத்தில் நூலகர் ஸ்ரெல்லா ஒரு யோசனை சொன்னார். அவர் அமைதியான பெண். புத்தகத்தைத் திருப்பித் தரப் பிந்தியவரைக் கூடக் கண்ணால்தான் ஏசுவார். அப்படிப்பட்டவர் அன்று மேசைக்கு முன்னால் எழுந்து நின்று கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "எல்லாற்றை வீட்டிலையும் ஒரு புத்தகம் கிடக்கு. ஆனால் ஒருத்தரும் அதைப் புத்தகமாய் வாசிக்கிறேல்லை. கோயில்லை முழந்தாளிலை இருந்து கேட்டதை, இஞ்சை வாங்கிலை இருந்து வாசிப்பம். எழுதின ஆளின்ரை பேர் தெரியாமல் தபாலிலை வந்த ஒரு கதை எண்டு நினையுங்கோ. நல்லாயிருக்கோ இல்லையோ, ஏன் எண்டு சொல்லுங்கோ." புத்தகம் எங்கள் வேதாகமம். கதை, மீன் விழுங்கிய தீர்க்கதரிசியினுடையது. கடற்கரைச் சனத்துக்கு ஏற்றதென்று அவரே தெரிந்தெடுத்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுவதென்றும், பேசியதைப் பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் பெயரோடு எழுதிச் சோற்றுப் பசையால் உட்சுவரில் ஒட்டுவதென்றும் முடிவாயிற்று.

4. ஐயா அவர்கள் எச்சமயத்தவர் என்பது எனக்குத் தெரியாது. கதை தெரியாமல் வழக்குத் தெரியாது என்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நகரம். தீர்க்கதரிசியின் சனத்துக்குத் தீராத தீங்கு செய்த பகைவருடைய நகரம். அங்கே போய், ஊர் அழியப் போகிறதென்று அறிவிக்கும்படி ஆண்டவர் அவரை ஏவுகிறார். அவரோ எதிர்த்திசைக்குக் கப்பலேறுகிறார். நடுக்கடலில் புயல். கப்பற்காரர் சரக்கைக் கடலில் கொட்டுகிறார்கள். தம்மால்தான் புயல் வந்தது, தம்மை எறியுங்கள் என்று அவர் கேட்ட பின்னும் கரைக்குத் தண்டு வலித்துப் பார்க்கிறார்கள். முடியாத கட்டத்தில்தான் எறிகிறார்கள். பெரிய மீன் ஒன்று அவரை விழுங்கிப் பின் கரையில் கக்குகிறது. இம்முறை அவர் போகிறார், சொல்கிறார். ஊர் முழுவதும் மனம் திரும்புகிறது. அரசன் சாக்கு உடுத்துச் சாம்பலில் இருக்கிறான். ஆடு மாடுகளுக்கும் சாக்குச் சுற்றி உபவாசம். ஆண்டவர் இரங்கி ஊரை அழியாமல் விடுகிறார். அங்கேதான் தீர்க்கதரிசிக்குக் கோபம். ஆண்டவர் இப்படி இரங்கிவிடுவார் என்று தெரிந்ததால்தானே முதலில் ஓடினார். ஊருக்கு வெளியே பந்தல் போட்டுக்கொண்டு, இன்னும் அழியாதா என்று பார்த்திருக்கிறார். ஒரு செடி முளைத்து அவருக்கு நிழல் தருகிறது, மகிழ்கிறார். புழு அரித்துச் செடி வாடுகிறது. செத்தால் நல்லது என்கிறார். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்தும்போது, இத்தனை சனம் உள்ள ஊருக்காக நான் வருந்தக்கூடாதா என்று ஆண்டவர் கேட்கிறார். கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது. பதில் கிடையாது.

5. முதற் சனிக்கிழமை ஸ்ரெல்லா வாசித்து முடித்ததும் பாதிப் பேர் பழக்கதோசத்தில் சிலுவை அடையாளம் போட்டார்கள். பிறகு வள்ளக்காரர் இன்னாசித்தம்பி அண்ணை தொண்டையைச் செருமினார். அவர் சொன்னது தாளில் இருந்தபடியே:

"உந்தக் கதையிலை ஆம்பிளையள் எண்டால் அந்தக் கப்பற்காரர்தான். ஆரோ ஒரு பிறத்தியானைக் காப்பாத்தத் தங்கடை சரக்கை எறிஞ்சு, பிறகு தண்டு வலிச்சும் பாத்தவங்கள். கதை எழுதினவன் அவங்களை நடுக்கடலிலை விட்டிட்டு மீனோடை போயிட்டான். கரை சேந்தாங்களோ எண்டு ஒரு வரி எழுத உவனுக்குக் கை வலிச்சதோ?"

அதன்பின் எல்லோரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை, ஐயா.

6. எல்லாக் கருத்துக்களையும் இங்கே எழுத இடம் போதாது. ஆயினும் பின்னர் எங்கள் மேல் வந்த முறைப்பாட்டுக்கு உட்பட்ட சிலவற்றை மறைப்பது நேர்மையாகாது. இன்னாசித்தம்பி அண்ணையின் மனைவி லூர்த்தம்மா, மீன் வயிற்றுக்குள் இருந்து செபம் சொன்ன மனிதர் நாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதபடியால் அந்தப் பகுதியை மட்டும் தன்னால் நம்ப முடியவில்லை என்றும், மிச்சம் எல்லாம் நடந்திருக்கும் என்றும் எழுதினார். இரண்டாம் கிழமை நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்த மீனாம்பிகை ரீச்சர், ரியூட்டரி ஒன்றில் தமிழ் படிப்பிப்பவர், சைவர், பின் வாங்கில் இருந்து கேட்டார்: "மாட்டுக்குச் சாக்குக் கட்டின இடத்திலை ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை? எழுதினவர் சிரிக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கிறார். கும்பிட்டுக்கொண்டு வாசிச்சால் அரைவாசிக் கதை போயிடும்." அவர் மேலும் சொன்னார்: "எங்கடை புராணங்களிலை முனிவருக்குக் கோபம் வந்தால் ஊர் எரியும். இஞ்சை ஊர் எரியேல்லை எண்டு முனிவருக்குக் கோபம் வருது. இப்பிடி ஒருத்தனை நான் ஒரு கதையிலையும் காணேல்லை."

அப்போதுதான் சிரித்தோம். மாட்டுக்காகச் சிரித்தோம், சாக்குடுத்த அரசனுக்காகச் சிரித்தோம், சின்ன வயதிலிருந்து சிரிக்காமல் வைத்திருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடிச் சிரித்தோம். சிரித்து முடிய மறுபடி ஸ்ரெல்லாவிடம் சொல்லி முதலிலிருந்து வாசிப்பித்தோம். நிந்தனை செய்ய வந்தவர்கள் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களா என்பதை ஐயா அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

7. மூன்றாம் சனிக்கிழமை உள்ளே இடமில்லை. பெண்கள் யன்னல்களில் கைப்பிள்ளைகளோடு நின்றார்கள். சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும் வரிசையில், தீர்க்கதரிசி ஓடியது பயத்தாலா வன்மத்தாலா என்று இரண்டு கட்சி பிரிந்தது. எண்ணெய் முடிந்துவிட்டது என்று மனேச்சர் அறிவித்ததை வரிசையில் பலர் கவனிக்கவில்லை. ஒரு பிரசவ வீட்டில், வலிக்கும் வலிக்கும் இடையே அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "மிஸ்ஸி, அந்தச் செடியை முளைக்கவைச்சதும் அவர், புழுவை அனுப்பினதும் அவர். உது என்ன நியாயம்?" என்று கேட்டார். பிள்ளையைப் பெற்று முடியும்வரை பொறு, பிறகு கதைப்போம் என்றேன். பெற்று முடிந்த கையோடு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல், மறுபடி கேட்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படியொரு காலத்தை நான் கண்டதில்லை. செத்த வீடும் ஷெல் விழுந்த கதையும் அல்லாத வேறொன்றைப் பற்றி எங்கள் சனம் விடிய எழும்பிக் கதைத்தது.

8. இனி என் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறைப்பாட்டில் அதுவே பெரிய குற்றம். என் தம்பி சில வருடங்களுக்கு முன் தொழிலுக்குப் போன வள்ளம், கடலில் துப்பாக்கிச் சூடு பட்டுக் கவிழ்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அதைப் பற்றி நான் பூசையிலும் அழுததில்லை, வேலையிலும் கதைத்ததில்லை. மூன்றாம் கிழமை ஸ்ரெல்லா கடைசிப் பகுதியை வாசித்தபோது என் கை தன்பாட்டில் தாளை எடுத்தது. எழுதியது இது:

"தீர்க்கதரிசி கோபப்பட்டது சரி. எங்களுக்குத் தீங்கு செய்த ஊர் சாக்கு உடுத்து ஒருநாள் அழுதவுடன் கணக்குத் தீர்ந்துவிடுமென்றால், செத்தவர்களை யார் கேட்பது? நானும் அந்தப் பந்தலுக்குக் கீழே அவருக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பதில் எழுதாமல் எழுந்து போனது கோழைத்தனம்."

அதை ஒட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. லூர்த்தம்மா வந்து தாளின் மூலையை அழுத்தி, பசை பிடிக்கும்வரை கையை எடுக்காமல் நின்றார்.

9. எங்கள் பங்கின் உபதேசியார் திரு. கனிசியஸ் முதற் கிழமையிலிருந்தே கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். முனையடியில் அவரிடம் ஞானோபதேசம் படிக்காதவர் இல்லை, நானும் படித்தேன். என் தாளை வாசித்தவர் நேரே போய், நூல்நிலையங்களுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் திரு. ஆழ்வாப்பிள்ளையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அதில் மூன்று குற்றங்கள். ஒன்று, வேதம் பரிசுத்த ஆவியால் எழுதப்பட்டது; ஆகவே இன்னாசித்தம்பி "உவன்" என்று சொன்னது பரிசுத்த ஆவியானவரையே. இரண்டு, மாட்டுக்குச் சிரித்தது. மூன்று, யோசப்பின் ஆண்டவரைக் கோழை என்று எழுதியது. முதற் குற்றத்துக்கு இன்னாசித்தம்பி அண்ணை தரும் மறுமொழி, தான் ஏசியது எழுதினவனை, எழுதுவித்தவரை அல்ல என்பதாகும். மூன்றாவதற்கு என் மறுமொழியும் அதுவே.

10. உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை திரு. ஆழ்வாப்பிள்ளை சைக்கிளில் வந்து தாள்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்து, கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஸ்ரெல்லாவை அலுவலகக் களஞ்சிய அறையில் பழைய கோப்புகளை அடுக்கும் வேலைக்கு மாற்றினார். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் கிடையாது என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். தாள்களை அவர் கிழிக்கவில்லை. ஈரத் துணியால் பசையை ஊறவைத்துப் பொறுமையாகவே கழற்றினார். ஏன் என்று நான் கேட்டபோது அவர் கூறியது: "தங்கச்சி, உங்கடை வேதத்துக்கு உங்கடை ஆக்களே சிரிச்சவை எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லாயினம். சைவக்காரன் ஒருத்தன் கதவைத் திறந்துவிட்டு வேதத்தைப் பகிடி பண்ணுவிச்சவன் எண்டுதான் சொல்லுவினம். இருக்கிற சண்டை காணாதே எங்களுக்கு." அவருடைய பயம் பொய்யல்ல. பூட்டுத்தான் பிழை. ஸ்ரெல்லாவோ கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

11. பூட்டினால் பேச்சு நிற்கும் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. வாசிகசாலை வாசற்படியில், வலை காயப்போடும் வெளியில், மீன் சந்தையில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் எல்லாம் அதே கதை. ஆனால் ஐயா, கதவுக்கு உள்ளே நடந்ததற்கும் வெளியே நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உள்ளே ஸ்ரெல்லா இருந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருந்தார். புத்தகம் மேசையில் விரித்துக் கிடந்தது. இல்லாததைச் சொன்னால் உடனே பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். வெளியே புத்தகம் இல்லாமல் கதைக்கிறார்கள். மீன் இரண்டு முறை விழுங்கியதென்றும், கப்பற்காரர் பிற்பாடு பணக்காரர் ஆனார்கள் என்றும் புதுக்கதை கிளம்பிவிட்டது. நிந்தனையைத் தடுக்கப் போட்ட பூட்டு இப்போது வேதத்தில் இல்லாததையெல்லாம் வேதமாக்கிக் கொண்டிருக்கிறது.

12. மே மாதக் கடைசியில், ஒரு பின்னேரம், திரு. கனிசியஸ் என் வீட்டு வாசற் படலையடியில் சைக்கிளைச் சாத்தினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலைக்கு அந்தப் பக்கம் நின்றே கதைத்தார். என் மனதில் பதிந்தபடி அதை எழுதுகிறேன். இதற்கு அவருடைய அனுமதியும் உண்டு.

"பிள்ளை, உனக்கு மறுமொழி எழுதவெண்டு அந்த அதிகாரத்தை நான் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாத்தன். உன்ரை கருத்துப் பிழை. அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் உதை இவ்வளவு காலமும் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான் எல்லோ, மீன் கக்கின உடனை பாடத்தை முடிச்சிடுவன். பிள்ளையளுக்கு மீன்தான் விருப்பம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்ளுவன். அந்தப் பந்தலடிக்கு நான் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகேல்லை."

அவருடைய மூத்த மகன் என் தம்பி போன அதே வள்ளத்தில்தான் போனவன் என்பதை ஐயா அவர்களுக்கு இந்த இடத்தில் அறியத்தருகிறேன். அத்தனை வருடமும் நாங்கள் இருவரும் ஒரே கோயிலில் பூசை கண்டோம். அதைப்பற்றி ஒரு நாளும் ஒரு சொல் பரிமாறவில்லை.

"உன்ரை தாளை வாசிச்ச உடனை எனக்குக் கோபம் வந்தது உனக்கு மேலை இல்லைப் பிள்ளை. நானும் அந்தப் பந்தலுக்குக் கீழைதான் இருக்கிறன் எண்டு நீ சுவரிலை எழுதி ஒட்டிப்போட்டாய் எண்டு நினைச்சன்."

படலையைத் திறந்தேன். அப்போதும் அவர் உள்ளே வரவில்லை. சேட்டுப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். தமது மறுப்பாம். அதன் சாரம்: கேள்வியோடு நிறுத்தியது கோழைத்தனம் அல்ல. ஆண்டவர் கேட்டார், தீர்க்கதரிசி வாய் திறக்கவில்லை. எழுதியவர் தானாக ஒரு பதிலைப் புனைந்திருந்தால் அதுதான் கோழைத்தனம். வாசிக்கிறவர் இனி வாய் திறக்கட்டும் என்று இடம் விட்டு எழுந்திருக்கிறார்.

நான் விடவில்லை. இடம் விட்டுப் போனார் என்றால் அந்த இடத்தில் நான் என் கோபத்தையும் வைக்கலாம்தானே, அதை ஏன் முறைப்பாடு செய்தீர்கள் என்று கேட்டேன். கோபத்தை வைக்கலாம், ஆனால் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது, அந்த ஊர்ச் சனத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் அவர். இடது கை வலது கை தெரியாத அத்தனை பேர் அந்த ஊரில் இருந்ததாகக் கதையில் சொல்கிறதே, அது ஆர் என்று மருத்துவ மாதாகிய உனக்குத் தெரியாதோ என்று கேட்டார். அது குழந்தைகள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் எனக்கு மேலும் கோபம் வந்தது. எங்கள் ஊரிலும் குழந்தைகள் இருந்தார்கள் என்றேன். "ஓம்" என்றார். "அதைத்தான் நானும் அவரிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

இருட்டு விழும்வரை படலையடியில் நின்று வாதாடினோம். அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். இன்னாசித்தம்பி அண்ணை தன் வீட்டு வேதாகமத்தைக் கொண்டுவந்து எங்கள் நடுவே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் தோற்கவில்லை. அந்த இரவு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, என் தம்பியின் பெயரை என் வீட்டாருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதால் எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

13. அடுத்த நாளே திரு. கனிசியஸ் தமது முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதற்காகத் திரு. ஆழ்வாப்பிள்ளையிடம் போனார். முறைப்பாடு கோப்பில் ஏறி இலக்கம் விழுந்துவிட்டதென்றும், கொடுத்தவரே கேட்டாலும் திருப்பிக் கொடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லையென்றும், மேலிடத்துக் கட்டளை வந்தால் தாமே வந்து கதவைத் திறப்பதாகவும் அவர் கூறியுள்ளார். அப்படிக் கூறும்போது, கழற்றிய தாள்களைத் தாம் வீட்டில் வாசித்ததாகவும், செடியைப் பற்றித் தமக்கும் ஒரு கருத்து உண்டென்றும், உத்தியோகத்தில் இருப்பதால் அதைச் சொல்ல இயலாதென்றும் சேர்த்துச் சொன்னாராம். இதனால் இப்பொழுதுள்ள நிலை யாதெனில், முறைப்பாடு செய்தவர் கதவு திறக்க வேண்டும் என்கிறார். செய்யப்பட்டவர்களும் திறக்க வேண்டும் என்கிறோம். பூட்டியவரும் திறக்க ஆயத்தம். பூட்டு மட்டும் தொங்குகிறது.

14. ஐயா, எங்கள் வேதத்தை நாங்கள் மதிக்கிறோம். மதிப்பு வேறு, வாசிப்பு வேறு என்று இதுவரை எண்ணியிருந்தோம். குண்டுச் சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே பதுங்கிய எங்கள் சனம், சத்தம் ஓய்ந்ததும் எழுந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டதை நான் பார்த்தேன். கோயிலில் ஆமென் சொல்லிக் கேட்டபோது எங்களைத் தீண்டாத கதை, வாங்கில் இருந்து குறை சொல்லி வாசித்தபோது எங்கள் நெஞ்சுக்குள் கையை விட்டது. தன் வாசகரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு முடிகிற புத்தகத்துக்கு, மறுமொழி சொல்ல வந்தவர்களைப் பூட்டி வெளியே விடுவது அந்தப் புத்தகத்துக்கும் செய்கிற மரியாதை அல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

15. ஆகையால், தாங்கள் இவ்விடயத்தில் தலையிட்டு முனையடி வாசிகசாலையைத் திறக்கக் கட்டளையிடுமாறும், செல்வி ஸ்ரெல்லா தேவராசாவை அவருடைய மேசைக்கே திருப்பி அனுப்புமாறும், தாள்களை எங்களிடம் ஒப்படைக்குமாறும் மன்றாடுகிறேன். களஞ்சிய அறையில் அவர் கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்கி முடித்துவிட்டதாக அறிகிறேன். அங்கே இனி அவருக்கு வேலை இல்லை, இங்கே உண்டு. விசாரணை நடத்துவது அவசியமென்று தாங்கள் கருதினால், அதை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையிலேயே வைத்து, ஐயா அவர்களும் வந்து ஒரு வாங்கில் அமர்ந்து கதையை முழுவதும் கேட்கும்படி அழைக்கிறோம். கேட்டபின் தங்கள் கருத்தையும் எழுதலாம். தாள் நாங்கள் தருவோம்.

தங்கள் மறுமொழியை ஆவலோடு எதிர்பார்க்கும்,

யோசப்பின் செல்வரட்ணம்
(ஒப்பம்)

இடம்: முனையடி, குருநகர்.
திகதி: 18.06.1994

உடன் ஒப்பமிடுவோர்: வே. இன்னாசித்தம்பி, இ. லூர்த்தம்மா, செல்வி மீனாம்பிகை முருகேசு, நல்லூர், மற்றும் மறுபக்கத்தில் ஒப்பமிட்டுள்ள அங்கத்தவர்கள்.

முதல் முறைப்பாட்டாளரின் குறிப்பு: இம்மனுவை முழுவதும் வாசித்தேன். வாசிகசாலை திறக்கப்பட வேண்டுமென்பதில் எனக்குப் பூரண சம்மதம். பந்தி 12 இல் என் வாதம் சுருக்கப்பட்டதால் பலம் குறைந்து தெரிகிறது. பந்தி 14 இல், கோயிலில் கேட்டபோது கதை எங்களைத் தீண்டவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. என்னைத் தீண்டியது, நான்தான் விலகி நின்றேன். இது பற்றிய என் விரிவான மறுப்பு ஆயத்தமாக உள்ளது. வாசிப்பதற்கு இடம் மட்டும் தேவை.

ம. கனிசியஸ், உபதேசியார்
(ஒப்பம்)